தலைக்கட்டுக்கு ஒரு எடிட்டர்

அத்தியாயம் 12

போன வாரம் சித்திகா போனை வைத்த இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி ஜாபர் உசேனின் மகள் சித்திகா. கடை அப்பாவுடையது. வெளிநாட்டுக்குப் போகும் சரக்கின் காகிதம், சான்று, பதிவு எல்லாம் மகள் பொறுப்பு. மலை மேல் வாழவந்தி நாட்டுப் பங்காளிகள் பதினொரு குடும்பத்து மிளகையும் ஒரே சரக்காக எடுத்துக்கொள்ளத் தயார் என்று அவள் சொல்லியிருந்தாள். கேட்டது ஒன்றுதான். எந்தக் கொடிக்கு என்ன போட்டீர்கள், எது நோய்ப்பட்டது என்று எழுதி வைத்த தோட்ட டைரியின் லிங்க், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குள் வந்தாக வேண்டும்.

போனை வைக்கும் முன்னால் இன்னொன்றும் சொன்னாள். அந்த டைரியை எழுதியவரையே மலைக்குப் பதிவாளராக மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள அவள் அத்தா ஜாபர் உசேன் ஒப்புக்கொண்டுவிட்டாராம்.

எழுதியது யமுனா. இதில் யாருக்கும் சந்தேகம் வர நியாயமே இல்லை. ஊர்க்கவுண்டர் சென்றாயனின் மருமகள், இளங்கோவின் மனைவி, தாவரவியல் படித்தவள். இரண்டு வருடமாக வாரம் ஒரு முறை பதினொரு தோட்டத்துக்கும் நடந்து, கொடி கொடியாகப் பார்த்து, ஆன்லைன் ஷீட்டில் ஏற்றியவள் அவள்தான். அட்டைப்பூச்சி கடித்த காலோடு வந்து உட்கார்ந்து ஏற்றியவள்.

ஆனால் ஏற்றியது இளங்கோவின் மெயில் கணக்கில். முதல் நாள் அவன் போனில் தொடங்கியது அப்படியே நிலைத்துவிட்டது. தன் போனிலும் அவன் கணக்கையே திறந்து வைத்துக்கொண்டாள். புருஷன் பேரில் எழுதினால் என்ன, தன் பேரில் எழுதினால் என்ன என்று இருந்துவிட்டாள். இருந்திருக்கக் கூடாது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வாசல் பலா மரத்தடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்த வீட்டில் போனுக்கு சிக்னல் கிடைப்பது அந்த மரத்தடியில் மட்டும்தான். அதனால் மரத்தடிக்கு ஒரு கௌரவம் வந்து, நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு கயிற்றுக் கட்டிலும் அங்கேயே நிரந்தரமாகக் கிடந்தன.

ஒரு லிங்க் அனுப்ப எத்தனை பேர் வேண்டும்? ஒரு விரல் போதும். இங்கே பதினொரு தலைக்கட்டில் பத்துத் தலை வந்திருந்தது. கோயில் வரியும் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு, திருவிழாக் கறியும் தலைக்கட்டுக்கு ஒரு கூறு என்று பழகியவர்கள், இதையும் ஏதோ பங்கு பிரிக்கிறார்கள் போலிருக்கிறது என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார்கள்.

நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர் முரளி. சென்றாயனின் மகளைக் கட்டிய ராசிபுரம் மாப்பிள்ளை. ஒரு தனியார் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர். உட்காருகிறார் என்பதை மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடியும். இதற்கென்றே மாமனார் அவரை வரவழைத்திருந்தார். மருமகள் இரண்டு வருடமாகப் புழங்குகிற ஷீட்டைப் பற்றிக் கேட்க, எழுபது கொண்டை ஊசி வளைவு தாண்டி மாப்பிள்ளை வரவேண்டியிருந்தது.

மாப்பிள்ளையின் போனில் ஏஐ இருந்தது. கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும். அது நன்றாகத்தான் சொல்லும். குறை, கேட்கிறவரிடம்தான். முரளி எந்தப் பதிலையும் முதல் இரண்டு வரிக்கு மேல் படித்ததாகச் சரித்திரம் இல்லை.

ஷீட்டை எப்படிப் பகிர்வது என்று கேட்டார். மூன்று வகை அனுமதி உண்டு, வெறுமனே பார்க்கிறவர், கருத்துச் சொல்கிறவர், திருத்துகிற எடிட்டர் என்று அது சொன்னது. எழுதுகிறவர் யாரோ அவருக்கு மட்டும் எடிட்டர் கொடுங்கள், மற்றவர்கள் பார்த்தால் போதும் என்றும் சொன்னது. அதை முரளி வாய்விட்டுப் படித்துவிட்டார். வந்தது வினை.

"ஊர்க்கவுண்டன் நானு. நான் வெறுமனே பாக்கற ஆளுங்களா மாப்ள?" என்றார் சென்றாயன்.

அவ்வளவுதான். அண்ணன் எடிட்டர் என்றால் தம்பி எதில் குறைச்சல் என்று கருப்பண்ணன் கேட்டார். கருப்பண்ணனுக்கே உண்டென்றால் தன் வீடு மூத்த தாரத்து வழி என்று அருணாசலம் எழுந்து நின்றார். திருவிழாவில் யாருக்கு முதல் உருமால் தலைப்பாகை கட்டுவது என்று வருஷா வருஷம் நடக்கிற அதே சண்டை, அதே வாய்கள், அதே வசவுகள். எடிட்டர் என்றால் என்னவென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அது தனக்கு வேண்டும், பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைக்கக் கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாதிப் பேருக்கு மெயிலே கிடையாது. பிள்ளைகளின் மெயிலை வாங்கி வந்திருந்தார்கள்.

முரளி மறுபடி ஏஐயிடம் போனார். பதினொரு பேருக்கும் மரியாதை குறையாமல் அனுமதி கொடுப்பது எப்படி என்று கேட்டார். மரியாதை வேறு, அனுமதி வேறு, பார்க்கும் அனுமதி கொடுப்பதால் யாரும் தாழ்ந்துவிட மாட்டார்கள், எல்லோரும் திருத்தலாம் என்று விட்டால் பிறகு யார் எதை மாற்றினார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அது பொறுமையாக விளக்கியது. முரளி திரையைப் பார்த்தார், மாமனார் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் எடிட்டரே குடுத்துடலாம்னு சொல்லுதுங்க மாமா" என்றார்.

பொய் சொல்லக்கூட ஒரு துணிச்சல் வேண்டும். மாப்பிள்ளைக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. மிஷின் மேல் பழியைப் போட்டுவிட்டு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

அப்போது யமுனா டீத் தட்டோடு வந்தாள். நடந்தது முழுவதும் சமையலறை ஜன்னல் வழியாக அவள் காதில் விழுந்திருந்தது. தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு நின்றாள்.

"மாமா, அதுல எழுதறது நானுங்க. எனக்குத் தனியா மெயில் இருக்குது. அதையும் சேத்துருங்க."

சென்றாயன் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் இன்னும் எரிச்சல்.

"தலைக்கட்டுக்கு ஒரு பேருதான் கண்ணு. நம்மூட்டுக்கு நான் இருக்கறேனல்ல?"

யமுனா கணவனைப் பார்த்தாள். இளங்கோ பிக்கப் வண்டியில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு தினமும் மலை இறங்கி ஏறுகிறவன். எந்த வளைவிலும் கை நடுங்காது. அப்பா எதிரில் மட்டும் அவனுக்குக் கழுத்து நிமிராது. டீ கிளாஸை எடுத்து, சூடாக இருக்கிறதா என்று ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அனுமதி கொடுக்க இளங்கோவின் போனை வாங்கி வைத்திருந்த முரளி இன்னொரு சாமர்த்தியமும் செய்தார். ஷீட்டின் ஓனர் கணக்கு, அதாவது இளங்கோவின் கணக்கு, இரண்டு போனில் திறந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். இது ஆபத்தா என்று ஏஐயைக் கேட்டார். ஒரே கணக்கை இரண்டு பேர் புழங்குவது நல்லதில்லை, இன்னொருவருக்கு அவர் மெயிலிலேயே தனி அனுமதி கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் போனிலிருந்து வெளியேற்றுங்கள் என்றது அது. நல்லதில்லை என்பது வரைக்கும் முரளி படித்தார். வெளியேற்று என்பதை அழுத்தினார்.

யமுனாவின் கையில் இருந்த போனில் ஷீட் மறைந்து, பாஸ்வேர்டு கேட்டது. இரண்டு வருடம் அவள் தொட்டுத் தொட்டு வளர்த்த டைரி, இரண்டு வினாடியில் அவளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டது. அதைச் செய்தவர் அடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குத் தான் என்ன செய்தோம் என்பதுகூடத் தெரியாது.

கடைசியாக சித்திகாவுக்கு எது என்ற கேள்வி வந்தது. வாங்குகிற வீடு. சென்றாயனின் அப்பா காலத்திலிருந்து வருகிற உறவு.

"பாய் ஊட்டை வெளிய நிக்க வெச்சுப் பாக்கச் சொல்றதா? அவியளுக்கும் எடிட்டரே குடுங்க மாப்ள" என்றார் சென்றாயன்.

அதையும் கொடுத்தார்கள். நாலு மணிக்குக் கேட்டதைப் பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டோம் என்று பெருமை வேறு.

பாவாயி வந்தது அதற்குப் பிறகு. பதினோராவது தோட்டக்காரி. புருஷன் போய் ஒன்பது வருடமாகத் தனியாகக் கொடி வளர்க்கிறவள். தோட்டத்திலிருந்து நேராக வந்தாள், இடுப்பில் பறித்த மிளகுப் பை இன்னும் கட்டியிருந்தது. தன் பேர் ஏறியதா என்று கேட்டாள். உன் மகன் பேரில் போட்டிருக்கிறது, திருப்பூரில் இருக்கிறானே அவன் மெயிலுக்கு என்று சென்றாயன் சொன்னார். மகன் பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது.

"ஏணி வெச்சு ஏறிப் பறிக்கறது நானுங். திருப்பூர்ல தூங்கறவன் எடிட்டருங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். அவளுக்கு வேலை இருந்தது.

பத்துப் பேரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் புதுப் பதவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பதவி கிடைத்தால் அதைக்கொண்டு ஏதாவது செய்து பார்க்காமல் இருக்க முடியுமா?

கருப்பண்ணன்தான் தொடங்கினார். பேத்தியை விட்டுத் தன் தோட்டத்துப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். வாடல் நோய், பதினாலு கொடி, வேரோடு பிடுங்கி எரிக்கப்பட்டது என்று இருந்தது. உண்மை. ஆவணி மாதம் அவரும் யமுனாவும் நின்று எரித்ததுதான். ஆனால் இப்போது அதைப் பங்காளிகள் பத்துப் பேர் பார்ப்பார்கள். மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. என் தோட்டத்தில் நோய் என்று எழுதி வைத்தது யார் என்று முனகிக்கொண்டே அழித்தார்.

ஒருவர் செய்தால் போதாதா? அடுத்தவரும் தன் பக்கத்தைத் திறந்தார். அங்கே பூஞ்சை, இங்கே இலைப்பேன், ஒருவர் மழைக்கு முன் சுண்ணாம்புக் கலவை அடிக்க மறந்தது. ஒவ்வொன்றாகப் போயிற்று. அருணாசலம் எழுத்துக் கூட்டத் தெரியாதவர், மகன் யுவராஜின் போனில் மைக்கை அழுத்திப் பேசினார். அது போதாதென்று வழியில் போன ஆட்டுக்காரனிடம் கிடாய் என்ன எடை என்று விசாரித்தார். ஐப்பசி மாதத்துப் பயிர் பாதுகாப்புக் கட்டத்தில் அந்தக் கிடாயும் ஏறி உட்கார்ந்தது.

பத்து ஆண்கள், அவரவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணிக்குள் அந்த டைரியில் பத்துத் தோட்டத்துக்கு ஒரு தும்மல்கூட வந்ததாகப் பதிவில்லை. தூங்குகிற எடிட்டரின் புண்ணியத்தில் பாவாயி தோட்டத்துக்கு மட்டும்தான் நோய் இருந்தது.

சாப்பாட்டு இலை போட வந்த யமுனா இதைப் பார்த்தாள். மாமனார் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவர் முரளியை விட்டுத் தன் பக்கத்தைத் திறக்கச் சொல்லியிருந்தார். அக்டோபர் பதினாலு. கீழ்க்காட்டில் நாற்பது கொடிக்குக் கடை ரசாயன மருந்து அடிக்கப்பட்டது, இவற்றின் மிளகு சரக்கில் சேராது, தனியாக வைக்கப்படும்.

இந்த ஒரு வரிதான் இந்தக் கதையின் உயிர்நிலை. அந்த மருந்தை யாருக்கும் சொல்லாமல் அடித்தவர் சென்றாயன். வாசனையில் கண்டுபிடித்து எழுதி வைத்தவள் யமுனா. அறுவடையானதும் அந்த நாற்பது கொடி மிளகைத் தனித் தார்ப்பாயில் காயவைத்து, தனி மூட்டையாகக் கட்டினாள். மாமனார் இரண்டு முறை அதை அவிழ்த்துப் பொதுக் குவியலில் கொட்டப் போனார். மூன்றாம் முறைக்கு இடம் வைக்காமல் மூட்டையை ஒளித்துவிட்டாள். எங்கே என்று இளங்கோவுக்கும் சொல்லவில்லை. அந்த ஒரு மூட்டை கலந்தால் சோதனையில் ரசாயனம் தெரிந்து பதினொரு வீட்டுச் சரக்கும் தள்ளுபடியாகும்.

"மாமா, அந்த வரியை அழிக்காதீங்க. மத்ததெல்லாம் போனாலும் போவுது" என்றாள்.

"எங் காட்டுக்கு நான் எடிட்டருங்கறேன். நீ போயி எலையப் போடு சாமி" என்றார் அவர். முரளி விரலை வைத்தார். வரி போயிற்று.

யமுனா இலையைப் போட்டாள். சோறும் போட்டாள். ரசம் கேட்டவருக்கு ரசம் ஊற்றினாள். பிறகு யாரிடமும் சொல்லாமல், சோளக்காடு போகும் தார் ரோடு வரைக்கும் ஏறி நடந்தாள். அங்கே பஸ் நிற்கும் இடத்திலும் சிக்னல் உண்டு. அன்னாசி விற்கிற பெண் எதிரில் உட்கார்ந்திருக்க, கல்லூரி நாளில் தொடங்கிய தன் மெயிலைத் திறந்து, தன் போனில் இருந்த ஏஐயிடம் கேட்டாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பதிலைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

அழித்தது எதுவும் தொலையவில்லை என்றது. யார், எந்த நிமிடம், எதை மாற்றினார் என்று ஷீட்டே வைத்திருக்கும், காலையில் இருந்தபடியே திருப்பவும் முடியும், ஆனால் அதை எடிட்டராக இருப்பவர்தான் செய்யலாம். அவள் இப்போது ஒன்றுமில்லை, ஓனரைத்தான் கேட்க வேண்டும். அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. இரண்டு வருடமாக எழுதியது எல்லாம் கணவர் கணக்கிலிருந்து எழுதப்பட்டதால், அந்தப் பதிவுகளில் அவர் பேர்தான் இருக்கும். நீங்கள் எழுதியது என்று ஷீட்டைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது. உண்மையை அவரே சொல்வதுதான் நேர் வழி.

யமுனாவுக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, தன் மேலேயே வந்த ஆத்திரத்தில். ஒரு மெயிலைத் திறந்து தன் பேரில் எழுத இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை இந்த வீட்டை நம்பி விட்டுக்கொடுத்திருந்தாள்.

திரும்பி வந்து, வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த இளங்கோவைத் தனியாகப் பிடித்தாள். எல்லாம் உங்கள் பேரில் இருக்கிறது, சித்திகா கேட்டால் நான்தான் எழுதினேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், எனக்கு அந்த வேலை வேண்டும் என்றாள். கெஞ்சவில்லை. கேட்டாள்.

"அதுக்கென்ன புள்ள, சொல்லிட்டாப் போச்சு" என்றான் அவன். அப்போது அப்பா பக்கத்தில் இல்லை.

மூன்றரை மணிக்கு சித்திகாவின் போன் வந்தது. எல்லோரும் கேட்கட்டும், ஸ்பீக்கரில் போடு என்று சென்றாயன் மகனுக்கு உத்தரவிட்டார். பாராட்டு வரப்போகிறது என்ற நினைப்பு. பங்காளிகள் நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார்கள்.

சித்திகா சலாம் சொல்லி, எல்லோரும் சாப்பிட்டார்களா என்று விசாரித்தாள். பிறகு, காலையிலிருந்து ஷீட்டைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எல்லோரும் டைரியை நன்றாகக் கழுவித் துடைக்கிறீர்கள் என்றாள். குரலில் கோபமே இல்லை. நீங்கள் எனக்கும் எடிட்டர் கொடுத்ததால் பழைய பதிவெல்லாம் தெரிகிறது, வெறுமனே பார்க்கிற அனுமதி கொடுத்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று நன்றி வேறு சொன்னாள்.

பிறகு வாசித்தாள். பன்னிரண்டு ஐந்துக்குப் பதினாலு கொடி வாடல் நோய் போயிற்று. பன்னிரண்டு இருபதுக்கு 'லவ்லி யுவா' என்பவர் பூஞ்சையை எடுத்துவிட்டு ஒரு கிடாயை வைத்திருக்கிறார். அருணாசலம் யுவராஜைத் திட்டத் தேடினார். பத்துப் பேரின் பேரும் நேரமும் ஒன்று விடாமல் வந்தது. மரியாதைக்காகக் கேட்டு வாங்கிய பதவி, மரியாதையை ஸ்பீக்கரில் ஏலம் போட்டது. பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு நாற்பது கொடி மருந்து என்று அவள் வாசித்தபோது, சென்றாயன் கட்டில் கயிற்றை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார். முரளி பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்துவிட்டார்.

"நோயே வராத தோட்டம் எங்களுக்கு வேணாம்ணா. வந்தா வந்துச்சுன்னு எழுதற தோட்டம்தான் வேணும். காலைல இருந்த மாதிரியே நான் திருப்பி வச்சிட்டேன். இனி யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள் சித்திகா.

பத்துப் பேருக்கும் மூச்சு வந்தது. சரக்கு இன்னும் போகவில்லை.

அவள் தொடர்ந்தாள். இவ்வளவு நேர்மையாக, சொந்த வீட்டுத் தப்பையே எழுதி வைத்த ஆளை இதுவரை பார்த்ததில்லை என்று அத்தாவே சொல்கிறாராம்.

"இளங்கோண்ணா, எல்லாப் பதிவும் உங்க பேர்ல இருக்கு. இதை எழுதினது நீங்கதானேண்ணா?"

களத்தில் மிளகைக் கிளறிக்கொண்டிருந்த மாமியார் அம்சவேணி கையை நிறுத்தினாள். யமுனா வேலிப் படலோரம் நின்றுகொண்டிருந்தாள். இளங்கோ அவளைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். சென்றாயன் தலையை மேலும் கீழும் ஒரு முறை அசைத்தார். மகனுக்குச் சம்பள வேலை. அவருக்குக் கணக்கு அவ்வளவு சுலபம்.

"ஆமாங்க. நான்தானுங்க எழுதுனது" என்றான் இளங்கோ.

இரண்டு வருடம், பதினொரு தோட்டம், ஆயிரம் வரி. நான்தான் என்ற ஒரு வார்த்தையில் எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டதும் முகத்தில் ஒரு சிரிப்புகூட வந்தது. அடக் கேவலமே என்றிருந்தது யமுனாவுக்கு. கோபம்கூட வரவில்லை. இந்த ஆளோடு தான் ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

சித்திகா சந்தோஷப்பட்டாள். அப்படியானால் ஒரே ஒரு விஷயம் என்றாள்.

"அந்த நாப்பது கொடி மிளகு தனி மூட்டைன்னு எழுதியிருக்கீங்க. எங்க இருக்கு, எத்தனை கிலோ? அந்த மூட்டையைக் கண்ணால பாத்தாத்தான் மத்த சரக்கை எடுக்கலாம்னு அத்தா சொல்றாங்க. நாளைக்கு நாங்க மேல வர்றோம்."

இளங்கோ போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினான். பொத்தினால் ஸ்பீக்கர் கேட்காது என்று அவனுக்கு எண்ணம்.

"எங்க புள்ள வெச்ச?"

"எழுதுனது நீங்கதானுங்களே. எங்கிட்டக் கேக்கறீங்க?" என்றாள் யமுனா.

கருப்பண்ணன் சென்றாயனைப் பார்த்தார், சென்றாயன் தரையைப் பார்த்தார். பதினொரு வீட்டு மிளகும் ஒரு பெண்ணின் வாயில் நின்றது. காலையில் அவளுக்கு அங்கே ஒரு பேர்கூட இல்லை.

யமுனா படலை விட்டு வந்து மரத்தடியில் நின்றாள். போனைக் கையில் வாங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, ஸ்பீக்கருக்குக் கேட்கிற குரலில் பேசினாள்.

"மூட்டை பத்திரமா இருக்குதுங்க. நாப்பத்தோரு கிலோ. நாளைக்கு நீங்க வந்தா எடுத்துக் காட்டறேன். அதுக்கு முன்ன, அந்த ஷீட்டுக்கு ஓனர்னு எம் பேரை இவிய மாத்தோணும். எழுதுனது ஆருன்னு இவிய வாயாலயே உங்ககிட்டச் சொல்லோணும். இல்லீன்னா மூட்டையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

சித்திகா கெட்டிக்காரி. ஆயிரம் வரி படித்தவளுக்கு, இதை எழுதியது எந்தக் குரல் என்று தெரிய அதிக நேரம் ஆகாது.

"நான் லைன்லயே இருக்கேன்க்கா" என்றாள்.

யமுனா தன் மெயிலை ஒரு காகிதத்தில் எழுதி இளங்கோவின் முன்னால் கட்டிலில் வைத்தாள். எங்கே போய், எதைத் தொட்டு, ஓனரை எப்படி மாற்றுவது என்று மூன்றே வரி. கையெழுத்து தெளிவாக இருந்தது. அவன் காகிதத்தைப் பார்த்தான். ஷீட்டைத் திறந்தான். விரல் மேலே வந்தது.

"போனக் கீழ வைடா" என்றார் சென்றாயன்.

விரல் நின்றுவிட்டது. இருபத்தொன்பது வயது ஆண் மகன், அப்பாவின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் அடுத்து என்ன சொல்வார் என்று காத்திருந்தான். பங்காளிகளும் காத்திருந்தார்கள்.

அம்சவேணி களத்திலிருந்து எழுந்தாள். முப்பத்தொரு வருடமாக அந்த வாசலில் ஆண்கள் கூட்டம் நடக்கும்போது அவள் குரல் எழுந்ததில்லை. கையில் ஒட்டியிருந்த மிளகைத் தட்டிவிட்டு, மகனைப் பார்த்துச் சொன்னாள்.

"அங்கென்னடா பாக்கற? உங்கொப்பன் மூஞ்சியிலயா பட்டன் இருக்குது?"